மூன்றாம் மைக்கின் வால்யூம்

பிள்ளைகளா, அன்றைக்குக் கோயில் கொடையில் மைக் கெட்டுப்போகவில்லை. வயரும் லூஸ் ஆகவில்லை. உங்கள் இரண்டு பேரிடமும் நான் சொன்னது பொய். நேரில் சொல்லலாம் என்று நாலைந்து தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன பங்குனியில் நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கோயில் கொடைத் திருவிழா. வருஷா வருஷம் அங்கே நம் மைக் செட்தான். கொடையின் இரண்டாம் நாள் சாயங்காலம் பட்டிமன்றம் நடக்கும். எப்போதும் மாமியாரா மருமகளா, அம்மாவா பொண்டாட்டியா என்றுதான் தலைப்பு இருக்கும். இந்தத் தடவை கமிட்டித் தலைவரின் மருமகன், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன், மேடையை நானே போட்டுத் தருகிறேன், தலைப்பையும் நானே சொல்கிறேன் என்றான். நோட்டீசில் இப்படி அடித்திருந்தார்கள்: "உலகில் அதிகத் தாக்கத்தை ஏற்படுத்தியவை பழைய ராக் குழுக்களா, பிற்கால மெட்டல் குழுக்களா?" ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் தலைவர் கோவில்பட்டியில் ஊர் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர், எல்லாரும் தலையாட்டினார்கள்.

பழைய குழுக்கள் கட்சியில் பேச ஓர் ஆள் குறைந்தது. "எம் மவ பேசுவா அண்ணாச்சி. ராத்திரி பகலா காதுல அதான் ஓடுது" என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பெருமைக்காக நானே போய்ச் சொன்னேன்.

பெரியவளே, நீ பத்து நாள் எழுதினாய். நம் பில் புத்தகத்தின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து எழுதினாய். சமையற்கட்டில் நின்று உரக்கப் பேசிப் பார்த்தாய். சின்னவனே, மெட்டல் பைத்தியமான நீ சும்மா இருந்தாயா?

"ஏட்டி, உன் பேண்டுல பாதிப் பேரு செத்தே போயிட்டாவ. பொணத்துக்கா ஓட்டுக் கேக்க?"

"செத்த பெறவும் அவிய பாட்ட எல்லாரும் கேக்காவல்லா, அதுக்குப் பேருதாம்ல தாக்கம்."

"எங்க பேண்டு வாசிச்சா கண்ணாடி நொறுங்கும்."

"அதுக்குப் பேண்டு எதுக்குல? நீ குளிக்கையில பாடுனாலே நொறுங்குமே."

இதைக் கேட்டுக்கொண்டே ஆம்ப்ளிபயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

பட்டிமன்றத்தன்று மத்தியானம், பெரியவளே, நீயும் நானும் முதல் பந்தியில் சாப்பிட்டோம். மேளக்காரர்கள், காலையிலிருந்து சாமியாடிகளுக்கு முன்னால் நின்று கொட்டியவர்கள், ஜெனரேட்டருக்குப் பின்னால் புகையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு அவர்களுக்கு அங்கேயே மண்ணில் இலை போட்டார்கள்.

"யப்பா, அவிய ஏன் அங்கன உக்காந்து சாப்பிடுதாவ?"

"அது அப்படித்தான்டி. நீ பாயசத்தக் குடி."

நீ குடிக்கவில்லை. நான் உன் பாயசத்தையும் சேர்த்துக் குடித்தேன்.

பட்டிமன்றம் ஆறு மணிக்குத் தொடங்கியது, அதற்குள் அம்மாவும் சின்னவனும் வந்துவிட்டார்கள். நடுவராக வந்தவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே மேடை ஏறினார். முதல் வரியிலேயே, "எங்க வீட்டுல தெனமும் ராக்குதான். பாத்திரம் உருளும், பூரிக்கட்டை பறக்கும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இதே பகடியை வேறு தலைப்புகளுக்கு வேறு ஊர்களில் அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர் வாய் வெற்றிலைச் சாறு மைக்கின் பஞ்சு உறையில் தெறித்துச் சிவப்புச் சிவப்பாக இருந்தது. அந்த உறைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுகிறவன் நான். யார் பேச்சு என்ன வாடை அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

தலைவரின் மருமகன் மெட்டல் கட்சி. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை அவன் பேசவில்லை. "கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாருங்க. புரோட்டா போடுத மாஸ்டர் பனியன்ல எங்க பேண்டுப் படம். ஆட்டுக்குப் பின்னால போறவர் முதுகுலயும் எங்க பேண்டுப் படம். அவியளுக்கு அது என்ன பேண்டுன்னே தெரியாது. தெரியாதவனையும் போட வச்சோம் பாருங்க, அதான் தாக்கம்." பனியன் விற்றதைத் தாக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். விசில் பறந்தது. மனசுக்குள் அவனைத் திட்டினேன். ஆனால் அவனுடைய மைக்கில் கொஞ்சம் எக்கோ சேர்த்துக் கொடுத்தவனும் நான்தான், எடுப்பாக இருக்கட்டும் என்று.

பிறகு நீ எழுந்தாய். மூன்றாம் மைக். என் மிக்ஸரில் ஒவ்வொரு குமிழுக்கும் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பில் மத்தியானமே உன் குரலுக்கு அளவு பார்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

நன்றாகத்தான் தொடங்கினாய். பழைய குழுக்கள் இல்லாமல் பின்னால் வந்த யாருமே இல்லை என்றாய். அப்புறம், அந்தப் பழைய குழுக்களுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் அடிமையாகக் கிடந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், வெயிலில் குனிந்து பருத்தி எடுக்கும்போது பாடிய பாட்டிலிருந்து வந்தது என்றாய். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் பல பேர் அன்று காலையில்தான் பருத்தி எடுத்துவிட்டு வந்தவர்கள்.

"அந்தப் பாட்ட வெள்ளக்காரவிய எடுத்துக்கிட்டாவ. பாடுனவியள வாசலுக்கு வெளியில நிறுத்திட்டாவ. இது எங்கயோ நடந்த கதைன்னு நெனைக்காதீங்க. இந்த ஊர்ல மேளம் கொட்டலன்னா சாமி எறங்காது. கொட்டுதவிய இன்னைக்கு மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிட்டாவ தெரியுமா?"

கமிட்டித் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கி இரண்டு விரலைக் தண்ணீர்க் குழாயை மூடுகிறாற்போலத் திருகிக் காட்டினார்.

நான் திருகினேன்.

ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் மைக் போய்விட்டது என்று உனக்கு உடனே தெரிந்திருக்கும். நீயும் கீழே இறங்கி வந்து நின்றாவது பேசியிருப்பாய். நான் அப்படிச் செய்யவில்லை. தொழில் தெரிந்தவன் அல்லவா? கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தொண்டைதான் அடைக்கிறது என்று நீ நினைத்தாய். இருமினாய், தண்ணீர் குடித்தாய். குரலை உயர்த்தினாய். நீ உயர்த்த உயர்த்த நான் இறக்கினேன். கடைசியில் நீ கத்தினாய், ஒன்றும் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. "பேட்டரி போயிட்டு தாயி" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நடுவர் மணியை அடித்தார்.

தீர்ப்பு மெட்டலுக்கு. பனியன் போட்டவர்களுக்கு. நடுவருக்குச் சால்வை.

நீ இறங்கி வந்து என்னைப் பார்த்தாய். "யப்பா, என் தொண்டையா, மைக்கா?" என்று கேட்டாய். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"வயரு லூசுடி. எலி கடிச்சிருக்கும்."

சின்னவனே, நீ அக்காவைக் கேலி செய்யாமல் பக்கத்திலேயே நின்றாய். அதையும் பார்த்தேன். அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனதும் தலைவர் வந்து என் தோளில் கை போட்டார். "நீரு வெவரமான ஆளுவே. சொல்லாமலே புரிஞ்சிக்கிட்டீரு. அடுத்த கொடைக்கும் நீருதான்." ஒரு தட்டில் இரண்டு வடை வந்தது. நான் தின்றேன். இரண்டையும் தின்றேன். எண்ணெய் விரலில் ஒட்டியிருந்தது, அதே விரல்தான்.

அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பு. அந்த நடுவரையும் மருமகனையும் தலைவரையும் வீட்டில் உட்கார்ந்து நான் திட்டியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நல்ல மனுஷன் கோபப்படுகிறான் என்று நினைத்திருப்பீர்கள். அவர்கள் செய்தது என்ன? ஒருவர் பழைய பகடி சொன்னார், ஒருவன் பனியனைக் காட்டினான், ஒருவர் விரலைத் திருகினார். என் மகளின் வாயை மூடியது என் கை. அவர்களைத் திட்டத் திட்ட என் கை சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது, ஆகவில்லை.

போன வாரம் கல்லூரியில் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுக்கச் சொன்னபோது, "எனக்கு மேடைக் குரல் கெடையாது" என்று நீ அம்மாவிடம் சொன்னாய். அடுப்படியில் நின்ற எனக்கும் அது கேட்டது. அதற்கு மேல் மறைத்து வைக்க எனக்கு மனசு இல்லை. உன் குரலுக்கு ஒன்றும் இல்லை. மேடைக் குரல் எது என்று எனக்குத் தெரியும், அது என் பிழைப்பு. இனி அந்த ஊருக்கு நம் செட் போகாது. அதைத் தலைவரிடம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஏன் என்றும் சொன்னேன்.

இன்னும் ஒன்று. அன்றைக்கு நீங்கள் போன பிறகு நான் மேடையிலேயே படுத்துக்கொண்டேன். விடிந்ததும் வயரைச் சுருட்ட எழுந்தேன். மைதானத்தில் ஆள் இல்லை, கிடந்த வாழை இலைகளை ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. மூன்றாம் மைக்குக்குக் கீழே நீ விட்டுப்போன தாள்கள் கிடந்தன. நீ பேசி முடித்த இடத்துக்குப் பிறகு இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.

ஆம்ப்ளிபயரைப் போட்டேன். மூன்றாம் குமிழைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். மைக் முன்னால் போய் நின்று அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வாசித்தேன். நாலு பக்கத்துக் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. நடுவில் ஒரு குழுவின் பேர் இங்கிலீஷில் இருந்தது. இரண்டு தடவை தடுக்கியது. எழுத்துக் கூட்டி மூன்றாம் தடவை சரியாகச் சொல்லிவிட்டு, மேலே வாசித்தேன்.