முழுப்பெயர் சொல்லிக் கேட்டவர்

இந்த ஊரில் தொலைபேசியை எடுப்பவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள். "ஹலோ" கிடையாது, "யார் பேசுவது" என்ற விசாரணையும் கிடையாது. எதிர்ப்பக்கம் இருப்பது உறவா, வம்பா, பைத்தியமா என்று ஒன்றும் தெரியாமலே, மணி அடித்த கையோடு எடுத்து, "பெக்கர்" என்கிறார் என் பக்கத்து மேசைக்காரி. பெக்கர் என்பது அவருடைய குடும்பப் பெயர். ஜேர்மனிக்கு வந்த முதல் வாரம் முழுக்க, அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். இப்படியா ஒரு மனுசி தன்னைத் தானே காட்டிக்கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தொலைபேசியாவது பரவாயில்லை. நான் குடியேறிய கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர் (ஹவுஸ்மைஸ்டர் என்பார்கள்) இரண்டாம் நாளே வந்து, வாசல் அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு என் பெயரைக் கேட்டார். "நைன், டாங்க" என்றேன். வேண்டாம், நன்றி. பணம் கேட்கிறார் என்று நான் பயந்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும், இலவசம் என்றார். நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். பிறகு எனக்கு மொழி விளங்கவில்லை என்று முடிவுகட்டி, ஒரு கடதாசித் துண்டில் மணி ஒன்றும் கடித உறை ஒன்றும் கீறி, உறையின் மேல் பெரிய சிலுவைக் கோடு போட்டார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகும், தபால்காரருக்கு நீ இங்கே இல்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது நாற்பது ஜேர்மன் சொற்கள்தான் தெரியும். பெயர் வெளியே தெரிந்தால் என்ன நடக்கலாம் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள் என்பதை அந்த நாற்பதுக்குள் எப்படிச் சொல்வது? அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பத்து நாள் பெயரில்லாமல் இருந்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தமிழர்களுக்கு இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக, நான் இங்கே வந்த கதையைச் சொல்கிறேன். அது வராமலே போயிருக்க வேண்டிய கதை.

என் சொந்த இடம் யாழ்ப்பாணத்து வடமராட்சி. பட்டம் முடித்த பிறகு பொரளைப் பக்கத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்து, கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இராசமணி அன்ரியின் வீடு. மேல்மாடி அறை எனக்கு, கீழ்வீடு அவருக்கு. அன்ரி எனக்கு இரத்த உறவு இல்லை. அம்மாவோடு படித்த ஒருவர் மூலம் அறிமுகம். கலியாணம் செய்யாதவர், வங்கியொன்றில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் போகும்போது சன்னல் கம்பிகள் ஆடும். கடற்காற்றுக்கு வீட்டில் உள்ள இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். ஹோலில் இருந்த பழைய வயர் போனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

ஆராய்ச்சிப் படிப்புக்கு நான் விண்ணப்பிப்பது அது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் எல்லா இடத்திலும் "வருந்துகிறோம்". மூன்றாவது வருடம் மூன்று இடங்களுக்குப் போட்டேன். ஒன்று தை மாதமே வருந்திவிட்டது. இன்னொன்று மூச்சுவிடவில்லை. மிஞ்சியது இந்த ஜேர்மன் பேராசிரியர். சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்கிறவர். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை விளங்கிக்கொள்ள நான் ஜேர்மனிக்குப் போகவேண்டும் என்பது வேடிக்கைதான். ஆனால் வேறு வழி இருக்கவில்லை. நாட்டில் டொலர் இல்லாமல் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு இரசாயனம் வருவது நின்றுபோயிருந்தது. சித்திரையோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, நீடிக்க வசதியில்லை என்று முகாமையாளர் சொல்லிவிட்டார். இந்த முறையும் கிடைக்காவிட்டால் இனி விண்ணப்பிப்பதில்லை, ஊருக்கே திரும்புவது என்று நானும் முடிவெடுத்திருந்தேன். இன்னொரு "வருந்துகிறோம்" வாசிக்க என்னிடம் தெம்பில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் காத்திருந்ததில்லை. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மின்னஞ்சலைத் திறப்பேன். ஒன்றும் இல்லாவிட்டால் பயம். ஏதாவது இருந்தால் அதைவிடப் பயம். தொலைபேசி நிறுவனம் அனுப்பும் விளம்பரத்துக்குக்கூட நெஞ்சு அடித்துக்கொள்ளும். சாப்பிட முன் பார்ப்பதில்லை, சாப்பிட்ட பின் பார்த்தால் சாப்பாடு தங்குவதில்லை. அந்த நாட்களில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் கைத்தொலைபேசிக் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். அதனால்தான் விண்ணப்பத்தில், கரண்ட் இல்லாமலும் வேலைசெய்யும் அன்ரியின் வீட்டுப் போன் இலக்கத்தையும் எழுதியிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

இலக்கத்தைக் கொடுத்த நான், அன்ரியிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவின் கட்டளை அப்படி. ஒவ்வொரு அழைப்பிலும், "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை. கடிதம் கைக்கு வரட்டும், பிறகு கதைப்பம். கண்ணூறு பொல்லாதது" என்பார். எங்கள் வீடுகளில் வெளிநாட்டு அலுவல் இப்படித்தான் நடக்கும். பக்கத்து வீட்டுப் பெடியன் கனடாவில் இறங்கிப் படம் போட்ட பிறகுதான் அவன் விசாவுக்குப் போட்டதே நமக்குத் தெரியவரும். நான் விஞ்ஞானம் படித்தவள், கண்ணூறில் நம்பிக்கையில்லை. ஆனாலும் சொல்லவில்லை. இரண்டு முறை தோற்றவளுக்கு விஞ்ஞானம் அவ்வளவு துணைக்கு வராது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கரண்ட் இல்லை. பாண் வாங்கப் போனேன். கடை முதலாளி மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, "பான் இவரய் நங்கி" என்று சிங்களத்தில் சொன்னார். தீர்ந்துவிட்டதாம். ரயில் பாதை வரை நடந்து இன்னொரு கடையில் அரை றாத்தல் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்ரி வாசற்படியில் நின்றார். முகத்தில் ஒரு பெருமை.

"பிள்ளை, உம்மைக் கேட்டு ஆரோ கோல் எடுத்தவன்."

"ஆர் அன்ரி?"

"தெரியேல்லை. ஆம்பிளைக் குரல். வெளிநாட்டு இங்கிலிஷ். தர்சிகா குலசிங்கம் இருக்கிறாவோ எண்டு முழுப்பெயர் சொல்லிக் கேட்டவன். அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையெண்டு சொல்லி வைச்சிட்டன்." குரலைத் தாழ்த்தினார். "திருப்பியும் அடிச்சவன். அப்பவும் அதைத்தான் சொன்னன். நீர் பயப்பிடாதையும்."

பாண் கையிலிருந்து விழுந்தது. "ஐயோ அன்ரி, என்ன வேலை செய்தீங்கள்!" என்று நான் கத்தியது ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். ஜேர்மனி, பேராசிரியர், மூன்று வருடம், சித்திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அழுதேன். அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் அமர்ந்தார்.

"ரெண்டு வருஷம் ஒரு வீட்டில இருக்கிறம்," என்றார் கடைசியில். "எனக்குச் சொல்லேல்லையே நீர்."

நான் பாணைப் பொறுக்கிக்கொண்டு அவரை ஹோலுக்குள் கூட்டிவந்தேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப சண்டைக்காலம், நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்தனாங்கள். தம்பி என்னோட இருந்தவன். இப்பிடித்தான் ஒருநாள் கோல் வந்தது. முழுப்பெயர் சொல்லி, இருக்கிறாரோ எண்டு மரியாதையாக் கேட்டாங்கள். வேலைக்கு எழுதிப்போட்டிருந்தவன், அதுவாக்கும் எண்டு நினைச்சு, ஓம், இருக்கிறார், கூப்பிடுறன் எண்டு சொன்னன். நான்தான் சொன்னனான். அவன் வந்து போனை வாங்க முதல் அங்கால வைச்சிட்டாங்கள். அரைமணித்தியாலத்தில வாகனம் வந்தது."

தம்பி பிறகு வரவே இல்லை. அதைப் பல வருடங்களாக யாரிடமும் சொன்னதில்லை என்றார். முழுப்பெயர் சொல்லிக் கேட்கிறவன் நல்லதுக்குக் கேட்கமாட்டான் என்று அன்றைக்குப் படித்த பாடத்தைத்தான் அவர் எனக்காக ஒப்புவித்திருந்தார். வீட்டில் தங்குகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டுபோய்ப் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்தவர். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

கரண்ட் வந்ததும் பேராசிரியரின் மின்னஞ்சல்கள் இரண்டு ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவது மத்தியானம் அனுப்பியது: இன்று அழைக்கிறேன், சில கேள்விகள் உண்டு, இருவரில் ஒருவரை இந்தக் கிழமை தெரிவுசெய்ய வேண்டும். இரண்டாவது ஒரே வரி: நீங்கள் தந்த இலக்கத்தில் அப்படி யாரும் இல்லை என்று இருமுறை சொன்னார்கள். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. பொய்யான விபரம் கொடுத்தவள் என்றுதானே நினைப்பார்? பதிலாக யுத்தம், கொழும்பு, காணாமல் போனவர்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அனுதாபம் கேட்பதுபோல இருந்தது, அழித்தேன். வீட்டில் போன் பழுது என்று ஒரு பொய் எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்: "அது என் இலக்கம்தான். நான் அங்கேதான் வசிக்கிறேன். எடுத்தவர் என்னைப் பாதுகாப்பதாக நினைத்து அப்படிச் சொன்னார். தயவுசெய்து மறுபடி அழையுங்கள்."

வெள்ளி ஒன்றும் வரவில்லை. சனியும் ஞாயிறும் அங்கே விடுமுறை என்று தெரியும். தெரிந்தும் என்ன, பயம் விடுமுறை எடுக்கிறதா? அந்த மற்ற ஒருவருக்கு இடம் போய்விட்டது என்று நான் சனிக்கிழமையே தீர்மானித்து, பெட்டியில் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன். அன்ரி அந்த மூன்று நாளும் ஹோலை விட்டு அசையவில்லை. மரக்கறி வெட்டுவதும் போனுக்குப் பக்கத்தில், கும்பிடுவதும் போனுக்குப் பக்கத்தில். இடையிடையே அவர் ஏதோ இங்கிலிஷில் முணுமுணுப்பதும் கேட்டது. எனக்கு அவர் மனநிலையைப் பற்றியும் பயம் வந்தது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் மூன்றரைக்கு மணி அடித்தது. நான் மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன், அன்ரி எடுத்துவிட்டார். எதிர்ப்பக்கம் என் முழுப்பெயரைச் சொல்வது மெல்லியதாகக் கேட்டது. அன்ரியின் கை காதிலிருந்து இறங்கியது. ரிசீவரை வைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வீடு அதிர, தூக்கிலே போடப்போகிறவர்களுக்கு முன்னால் நின்று சொல்வதுபோல இங்கிலிஷில் சொன்னார்: "யெஸ். ஷீ இஸ் ஹியர். ஷீ இஸ் லிவிங் ஹியர்." மூன்று நாளாக முணுமுணுத்தது அதைத்தான்.

நான் பேசி முடித்து வைத்தபோது அன்ரி ஓடிப்போய் முன்கதவைப் பூட்டிவிட்டு, சன்னல் சீலையை விலக்கி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணித்தியாலம் அப்படியே நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வாகனம் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான், இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

இங்கே பத்தாம் நாள், வங்கி அனுப்பிய அட்டை முகவரியில் ஆளில்லை என்று திரும்பிப் போனது. அன்று நானே ஹவுஸ்மைஸ்டரைத் தேடிப் போய்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன். "குலசிங்கம்" என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார். அது என் அப்பாவின் பெயர். வடமராட்சியில் சைக்கிள் திருத்திக்கொண்டிருக்கும் மனிதர், ஜேர்மனியில் தன் பெயரில் ஒரு மணி இருப்பதைக் கேட்டுச் சிரித்தார். அலுவலகத்திலும் இப்போது நான் "குலசிங்கம்" என்றுதான் போனை எடுக்கிறேன். சொல்வதற்கு முன் ஒருமுறை மூச்சை இழுத்துவிடுகிறேன். பெக்கர் அதைக் கவனித்து, உங்களுக்கு ஆஸ்துமாவா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்ரியோடு கதைத்தபோது, "உம்மைக் கேட்டு ஒரு கோல் வந்தது" என்றார். என் பழைய பரிசோதனைக் கூடத்திலிருந்து, ஏதோ பத்திரம் விஷயமாம்.

"என்ன சொன்னீங்கள் அன்ரி?"

"இருக்கிறா எண்டு சொன்னன்."

"நான் ஜேர்மனியில எல்லோ!"

"அது எனக்குத் தெரியும்தானே. இல்லையெண்டு சொல்ல இனி எனக்கு வாய் வராது பிள்ளை. இஞ்சதான் இருக்கிறா, வெளியில போயிட்டா, வந்திடுவா எண்டு சொன்னன்."

நான் திருத்தவில்லை. கீழே யாரோ மணியை அடித்தார்கள். அப்பாவின் பெயருக்கு நேரே இருக்கும் மணி. தபால்காரராக இருக்கும். நான் போனைக் காதில் வைத்தபடியே, முதலில் சன்னல் சீலையை விலக்கித் தெருவைப் பார்த்தேன்.