அரண்மனைப் படியில் கலியாணப் படங்கள்

கலியாணப் படம் எடுக்கிறவன் ஒரு நாளைக்கு நூறு தரமாவது 'சிரியுங்கோ' என்று சொல்லியாக வேண்டும். எதிரில் நிற்கிறவருக்கு அன்று சிரிப்பு வருமா என்று கேட்கிற வழக்கம் இந்தத் தொழிலில் கிடையாது. கலியாண வீடுகளில் சமைக்கிற, மேளம் அடிக்கிற, மணவறை கட்டுகிற என் சக பாவிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் என் ஸ்டூடியோ. மண்டபத்தில் எடுக்கிற படம் இப்போது ஒருவருக்கும் போதாது. 'வெளியிலை எடுக்க வேணும் அண்ணை, அந்த அரண்மனையிலை' என்பார்கள். பாரிசுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணித்தியாலம். முதலில் சண்டைக்கென்று கட்டின கோட்டை அது. பிறகு ஒரு பிரபு குடும்பம் சுவரில் பெரிய ஜன்னல்களை வெட்டி, பளிங்குப் படி வைத்து, தங்கள் மாளிகையாக்கிக் கொண்டது. இப்போது டிக்கெட் எடுத்தால் யாரும் போகலாம். நான் பதினொரு வருடமாகப் போய் வருகிறேன்.

திரும்பக் கிடைத்த வீடு

ஒரு கலியாணத்தில் மணப்பொம்பிளை இங்கே பிரான்சில் பிறந்த பிள்ளை. தகப்பனுக்கு யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. வீடும் வளவும் இன்னும் ஆமி முகாமுக்குள் கிடக்கின்றன. அரண்மனை முன் கூடத்தில் அந்தப் பிரபு குடும்பத்தின் கதையை ஒரு பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். நான் லைட்டைப் பொருத்துகிற நேரத்தில் தகப்பன் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவளும் அவசரத்தில் பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகச் சொன்னாள். பிரெஞ்சுப் புரட்சி நேரம் குடும்பம் வேறு நாட்டுக்கு ஓடினது, வீட்டை அரசாங்கம் எடுத்தது, இருபது வருடத்துக்குப் பிறகு பேரன் திரும்பி வந்து கேட்க, வீட்டைக் கொடுத்தார்கள்.

அவர் பலகையை விட்டு அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் படியில் வரிசையாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். 'செ பொன் பாப்பா, போதும் அப்பா, வாங்கோ' என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "பேரன் எந்த அரசாங்கக் கந்தோரிலை போய்க் கேட்டவனாம்? வடிவா வாசி பிள்ளை, அதையும் எழுதியிருப்பாங்கள்."

நடனக்கூடம்

இது சின்னக் கதை. பாரிசுப் புறநகர் சார்செலில் இருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் தாய். இருபத்திரண்டு வருடம் ஹொட்டல் அறைகள் துப்பரவு செய்து, இரண்டு முழங்காலும் போய், பிடித்துப் பிடித்துத்தான் நடப்பா. நடனக்கூடத்துக்குள் போனதும் எல்லாரும் அண்ணாந்து, கூரையில் வரைந்திருந்த தேவதைகளைப் பார்த்தார்கள். அவ மட்டும் குனிந்து, பலகை நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

'அம்மா, கொஞ்சம் நிமிர்ந்து கமராவைப் பாருங்கோ' என்றேன். நிமிரவில்லை. "உந்தப் பலகையிலை மினுக்கிற மிசின் போகாது தம்பி. ஆரோ ஒருத்தி முழங்காலிலை நிண்டுதான் மினுக்கியிருக்கிறாள்" என்றா.

கம்பிக் கதவு

கோட்டையாக இருந்த காலத்துச் சிறையறை ஒன்று கீழே அப்படியே இருக்கிறது. தாழ்ந்த கூரை, கம்பிக் கதவு, கையளவு ஜன்னல். அங்கே நான் வழமையாக ஒரு பகிடிப் படம் எடுப்பேன். மாப்பிள்ளை கைதியாகக் கம்பிக்குப் பின்னால் நிற்பார், பொம்பிளை திறப்புச் சாவியைக் காட்டிச் சிரிப்பா. எல்லாச் சோடிக்கும் பிடித்த படம் அது.

அன்று வந்த மாப்பிள்ளை, கடைசிச் சண்டை நடந்த வன்னிப் பெடியன். பிரான்சுக்கு வந்து மூன்று வருடம், அதிகம் கதைக்க மாட்டான். 'உள்ளை போங்கோ' என்றேன், போனான். 'கதவை இழுத்துச் சாத்துறன்' என்று சாத்தினேன். இரும்புச் சத்தம் கேட்டதும் முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் பிடரியில் கோர்த்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஒருவரும் அவனை அப்படி இருக்கச் சொல்லவில்லை. பொம்பிளை, நல்லாய் நடிக்கிறார் என்று கை தட்டினா. நானும் நாலைந்து படம் தட்டிவிட்டேன். பிறகுதான் அவனுடைய முதுகு நடுங்குவது தெரிந்தது. கோட்டுக்கு மேலாலேயே தெரிந்தது.

கதவைத் திறந்து நான்தான் தூக்கி விட்டேன். பொம்பிளை அவனுடைய கோட்டில் ஒட்டின தூசியைத் தட்டிக்கொண்டு நின்றா. மேலே வெளிச்சத்துக்கு வந்த பிறகு என் காதோடு சொன்னான்: "அண்ணை, அந்தப் படங்களை அழிச்சு விடுங்கோ. இவவுக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

பாதிப் படம்

சுகந்தி, பாரிசுக்குப் பக்கத்தில் சென் தெனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவ. தனியாக வந்தா. மாப்பிள்ளை இலங்கையில், கிளிநொச்சியில். இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். அவருடைய அம்மா படுத்த படுக்கை, கண் மூட முதல் கலியாணப் படத்தையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டாவாம். ஆகவே இவவை இங்கே அரண்மனைப் படியில் எடுத்து, அவரை அங்கே எடுத்து, இரண்டையும் ஒட்ட வேண்டும்.

'அவர் என்ன உயரம்?' என்று கேட்டேன். 'என்னைவிட நாலு விரல் கூட' என்றா. லைட் ஸ்டாண்டை அவருடைய தோள் உயரத்துக்கு ஏற்றி, அதன் மேல் கையை வைக்கச் சொன்னேன். கூறைச் சேலையோடு அந்த இரும்புத் தடியில் கை வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சிரித்தா. அவ்வளவு நல்ல சிரிப்பை அந்த வருடம் நான் வேறு எடுக்கவில்லை.

ஒரு மாதத்தில் அவருடைய படமும் வந்தது. நீலக் கோட்டு, நேரான பார்வை. ஆனால் அது கலியாணச் சீசன். இன்றைக்கு ஒட்டுவோம், நாளைக்கு ஒட்டுவோம் என்று நான் விட்டுவிட்டேன். அவ இரண்டு தரம் போன் எடுத்தா. இரண்டு தரமும் பொய் சொன்னேன்.

குளிர்காலம் தொடங்க ஸ்டூடியோவுக்கு வந்தா. விசாவைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் அவர் களவாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சியைப் பிடித்து ரஷ்யாப் பக்கத்தால் வெளிக்கிட்டிருக்கிறார். போலந்து எல்லைக் காட்டுக்குள் நாலு நாள். குளிரில் எழும்பவில்லை என்று கூட வந்த பெடியன் போன் பண்ணிச் சொன்னானாம். இதை அவ நின்றபடியே சொன்னா. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கொம்பியூட்டரில் அந்த இரண்டு படமும் தனித்தனியாகவே கிடந்தன. "அண்ணை, அவரின்ரை அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. கெதியா ஒட்டித் தாங்கோ, அந்த மனுசி பாத்திட்டுப் போகட்டும்" என்றா.

அன்றைக்கே ஒட்டினேன். தடியை அழித்து, நீலக் கோட்டின் தோளை அவவின் கைக்குக் கீழே வைக்க விடிந்துவிட்டது. அவருடைய அம்மா அந்தப் படத்தோடு இரண்டு கிழமை உயிரோடு இருந்தாவாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அதே படிக்குக் கீழே கமராவோடு நின்றுகொண்டு, பின்னால் வானம் மப்பாயிருக்கு, கொஞ்சம் நீலமாக்கித் தருவியளோ என்று கேட்கிறவர்களுக்கு, ஓம் என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.