சட்டத்தில் இல்லாத அத்தை

எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மொட்டை போடவும் அதே மடிதான். என் பேத்திக்குக் கல்லீரல் வேண்டும் என்று ஆனபோதும், தென்காசி வீட்டில் பேச்சு இந்த முறைப்படியே தொடங்கியது.

அவளுக்குப் பிறக்கும்போதே பித்தக் குழாய் அடைத்திருந்தது. முதல் அறுவையில் பித்தம் வடியவில்லை. பல் முளைக்கும் வயதில் வயிறு மட்டும் வளர்ந்தது. கண் மஞ்சளாகவே இருந்தது. பெரியவர் ஒருவரின் ஈரலில் இடப்பக்கத் துண்டை வெட்டி வைத்தால் பிழைப்பாள், இல்லையென்றால் இல்லை என்றார்கள். தாய்க்கு ரத்த வகை சேரவில்லை. தகப்பனான என் மகன், கணினி முன் உட்கார்ந்தும் கேரள எல்லைக் கடைகளில் பரோட்டா தின்றும் ஈரலில் கொழுப்பை ஏற்றி வைத்திருந்தான். என் மனைவி உயிரோடு இல்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை. எனக்கு வயது தாண்டிவிட்டது.

மருமகளின் தம்பி போலீஸ்காரர். பணி முடிந்து காக்கியோடு நேரே வந்தார்.

"மாமா, தாய்மாமன் நான் இருக்கேன்லா. வேற யார்ட்டயும் கேக்காதிய."

என் மகள், பிள்ளையின் அத்தை, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை.

"போலீசு, நீ காதக் குத்து. ஈரல நான் பாத்துக்கிடுதேன்."

"மதினி, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"கம்மல் வாங்கிட்டு வா, அது முறை. ஈரலு என்ன சீர்வரிசையா, தாம்பாளத்துல வச்சுக் கொண்டாரதுக்கு?"

இருவருக்கும் ரத்த வகை சேர்ந்தது. அதன் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். பொதுப்பணித் துறையில் குளம், மதகு என்று காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தியதில்லை; ஒப்புதல் வந்த பிறகும் பெரும்பாலும் நகர்த்தியதில்லை. உறுப்பு தானச் சட்டத்தைப் படித்து வைத்திருந்தேன். பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி எல்லாம் நெருங்கிய உறவு. அத்தையும் தாய்மாமனும் அந்த வரிசையில் இல்லை. அவர்கள் கொடுக்க வேண்டுமானால் ஒரு குழுவின் முன் போய் நின்று அனுமதி வாங்க வேண்டும்.

"தாய்மாமன் உறவு இல்லயா?" போலீஸ்காரரின் முகம் சுருங்கிவிட்டது. "எந்த ஊர்ச் சட்டம் மாமா அது?"

"நீங்க காவல் காக்குத சட்டந்தான்" என்றேன்.

நகரத்து மருத்துவமனையில் இருவரையும் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை மருத்துவர் பலகையில் படம் வரைந்து காட்டினார். ஈரலுக்குள் ரத்தம் வர வழிகள் உண்டு. வெளியேறுவது மேலேயுள்ள சிரைகள் வழியாக. வெளிவழி சுருங்கினால் புது ஈரல் வீங்கிக் கெட்டுவிடும். எனக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஞ்சின தண்ணீர் வெளியேறும் மறுகால் அடைத்த குளத்தில் கரைதான் உடையும்.

தாய்மாமனின் துண்டில் வெளிச்சிரை ஒன்றே ஒன்று, அகலமாக. அத்தையின் துண்டில் இரண்டு, தனித்தனியாக. ஒரே மதகு உள்ளதை எடுப்பதுதானே சரி என்று நான் கருத்துச் சொன்னேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவர் துண்டு ரொம்பப் பெரிசு சார். உள்ள வச்சா வயித்த மூட முடியாது. அத்தையோட ரெண்டு சிரையையும் வெளியிலேயே ஒண்ணாத் தைச்சுடுவோம். குழந்தை பக்கம் மூணு சிரை வந்து சேர்ற இடத்தைச் சேர்த்து வெட்டி, முக்கோணமா ஒரு அகல வாசல் பண்ணுவோம். வளரும்போது ஈரல் கொஞ்சம் திரும்பினாலும் முறுக்கிக்காது."

குழுவில் ஓர் அம்மையார் என் மகளிடம் கேட்டார். "நீங்க நெருங்கிய உறவு இல்லையே, ஏன் கொடுக்குறீங்க?"

"எங்கண்ணன் பிள்ளைக்கு நான் குடுக்காம பின்ன யாரு குடுப்பா?"

அனுமதி கிடைத்தது. என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பும் இத்தனை சுருக்கமான விளக்கத்தில் நகர்ந்ததில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் மாலை ஸ்கேன் பார்த்த மருத்துவரின் முகம் மாறியது. திரையில் வெளிச்சிரையின் ரத்த அலை மேலும் கீழும் போகாமல் தட்டையாக இருந்தது; வெளிவழி எங்கோ சுருங்கியிருக்கிறது என்று பொருள். "தையல் ஓரத்து வீக்கமா இருக்கலாம், முறுக்காவும் இருக்கலாம். காலையில பாப்போம். முறுக்குன்னா மறுபடி திறக்கணும்."

போலீஸ்காரர் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒரே சிரதான்லா மாமா இருந்தது" என்றார். நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அதுவே. ஆனாலும், "அத வச்சா வயித்த மூட முடியாதுல்லா" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது உண்மை என்று பட்டது.

காலையில் ஸ்கேன் கருவியைப் பிள்ளையின் வயிற்றில் வைத்ததும் சத்தம் கேட்டது. சாரல் நேரத்து மரக்காற்றுப் போல எழுந்து தணிந்து, மறுபடி எழுந்தது. "நல்லாப் போகுது. வீக்கந்தான், வடிஞ்சிடுச்சு" என்றார் மருத்துவர். போலீஸ்காரர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பக்கத்து வார்டில் படுத்திருந்த மகளிடம் அவரே போய்ச் சொன்னார். "மதினி, உங்க ரெண்டு சிர வாயயும் ஒண்ணாத் தச்சுட்டாவளாம். ஊருக்கே நிம்மதி."

"சிரிக்க வைக்காதலே, தையலு இழுக்குது" என்றாள்.

மருத்துவர்கள் சம்மதம் சொன்ன பிறகு பண்பொழி மலைக் கோயிலில் காது குத்தினோம். குற்றாலத்தில் சீசன் கூட்டம் சேருவதற்கு முன்பே வைத்துக்கொண்டோம். போகும் வழியில் அருவியில் ஒரு முழுக்குப் போடலாமே என்ற உறவினரிடம், "பிள்ளைக்கு ஆகாது, நீரு மட்டும் போயி நில்லும்" என்று என் மகள் முடித்துவிட்டாள். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். கம்பி பட்டதும் மலையடிவாரம் வரை கேட்கும்படி கத்தினாள்.

"அத்த ஈரல்லா" என்றார் போலீஸ்காரர்.

"மடி யாரு மடி? அதான் அழுதா" என்றாள் என் மகள்.

நான் குனிந்து அழுகிற கண்களைப் பார்த்தேன். அழுது சிவந்திருந்தன. மஞ்சள் துளிகூட இல்லை.