துலா ராசிக்கு மேற்கு வாசல்

ஆடிக் காற்று தொடங்கியதும் சின்னசாமியின் புது மாடி வீட்டுக்குள் சயனைடு மேடு வந்து உட்கார்ந்துகொண்டது. தங்கத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி கொட்டிவிட்டுப் போன மண் அது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மலையாக நிற்கிறது. காற்று எழும்பினால் மாவாகப் பறக்கும். சோபாவில் படியும், சோற்றில் படியும், கடைசியில் சின்னசாமியின் நெஞ்சில் இறங்கும். அங்கே ஏற்கெனவே இடமில்லை. பூமிக்கடியில் பாறைத் தூசியையே மூச்சாக இழுத்துப் பிழைத்த ஆள் அவர்.

இந்த வீடு வேண்டாம் என்று முட்டிக்கொண்டது அவர் மகள் நளினி ஒருத்திதான். விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவள். சுரங்கம் மூடியபோது கிடைத்த பணத்தில் அப்பா பேத்தமங்களா பக்கம் கரட்டு நிலம் வாங்கினார். ஊர் சிரித்தது. போன வருஷம் புது ரோட்டுக்கு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நஷ்டஈடு கோடியில் வந்தது. நளினிக்கு இருந்தது ஒரே ஆசை: நைனாவுக்குத் தூசியில்லாத இடத்தில் ஒரு வீடு.

அண்ணன் சௌந்தரராஜன் ராபர்ட்சன்பேட்டை செல்போன் கடையில் சம்பளத்துக்கு நின்றவன். பணம் வந்த வாரமே வேலையை விட்டான். இத்தனை நாள் கூடக் குடியிருந்த சுரங்க லைன் வீட்டுக்காரர்கள் கண்ணெதிரில் மாடி எழுப்ப வேண்டும் அவனுக்கு. அப்படி வாங்கிய மனைக்கு மேற்கே மேடு.

“சரி, வாசலையாவது கிழக்கே வை. மேற்குப் பக்கம் மொத்தமா சுவரா இருக்கட்டும்” என்று நளினி இறங்கி வந்தாள். அதற்குள் வாஸ்து பார்க்கும் ஜோசியரை அண்ணன் காரில் கூட்டிவந்துவிட்டான். கம்பெனி ரிக்கார்டில் இருந்த அப்பாவின் பிறந்த தேதியைச் சொன்னான்.

“துலா ராசி. மேற்கு வாசல்தான். மாத்தினா வந்த பணம் வந்த வழியே போயிடும்” என்றார் ஜோசியர்.

கட்டிலில் இருந்த சின்னசாமி சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று.

“எனக்கு ஏதுய்யா பொறந்த தேதி? எங்கம்மாவுக்கே தெரியாது. சுரங்கத்துல வேலைக்குச் சேரச்சொல்ல, பேரு பதியற டைம் ஆபீஸ் கிளார்க்கு என் மீசையைப் பாத்து வயசு போட்டாரு. தேதி, அவுரு வாய்க்கு வந்தது.”

“அப்போ இது கிளார்க்கு பெத்த ராசி” என்றாள் நளினி.

ஜோசியர் அசரவில்லை. “அவர் வாயில அந்தத் தேதியை வரவெச்சது யாரு? பகவான்தானே?”

அம்மா சரோஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அண்ணா, மேற்கால இன்னா நிக்குதுன்னு கண்ணால பாரு.”

“ரெண்டு புக்கு படிச்சிட்டு கிளாஸ் எடுக்காத. பணம் தங்கணுமா, வாணாமா?”

“நைனா தங்கணுமா, வாணாமா?”

அண்ணன் ஜோசியர் பக்கம் திரும்பித் தட்சணையை நீட்டினான். இத்தனை வருஷம் அவள் சம்பளத்தில் உலை கொதித்த வீடு அது. கோடி வந்த நாளிலிருந்து அவள் பேச்சு செல்லாக்காசு. மூச்சைக் கெடுத்து அனுப்பிய கம்பெனியை எதிர்த்து இந்தக் குடும்பம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. எவனோ ஒரு குமாஸ்தா வாய்க்கு வந்தபடி சொன்ன தேதிக்கோ கைகட்டி நின்றது.

வாசல் மேற்கே வந்தது. வெள்ளிதோறும் லட்சுமி வரவேண்டுமென்று அம்மா கதவை விரியத் திறந்து வைத்தாள். தூசிதான் வந்தது. டாக்டர் தூசியே ஆகாது என்றார். அண்ணன் விலை உயர்ந்த மருந்தாக எழுதித் தரச் சொன்னான்.

இந்த வெள்ளிக்கிழமை நளினி ரயிலுக்குப் போகவில்லை. கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

“எழுந்திருடி. லட்சுமி வர்ற நேரம்” என்றாள் அம்மா, கையில் கற்பூரத் தட்டோடு.

“வழி தெரியாதவளா அவ? பின்பக்கமா வரச் சொல்லு.”

அண்ணன் வந்தான். “வீடு என் பேர்ல இருக்குது. நகரு.”

“வீடு உன் பேர்ல. ராசி கிளார்க்கு பேர்ல. நைனா மூச்சு யார் பேர்ல இருக்குது? சொல்லு, நகர்றேன்.”

உள்ளேயிருந்து சின்னசாமியின் குரல் வந்தது. “வுடும்மா நளினி... தொறந்துக்கட்டும். என்னால சண்டை வாணாம்.”

அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. “நீ சும்மா இரு நைனா! இப்படி விட்டு விட்டுத்தான் இந்த கதி!” என்று கத்தினாள். கண் கலங்கியது, துடைக்கவில்லை.

அண்ணன் அவள் தலைக்கு மேலே எட்டித் தாழ்ப்பாளை நீக்கிக் கைப்பிடியை உள்ளே இழுத்தான். வெளியிலிருந்து காற்றும் அதே பக்கம் தள்ளியது. அவள் குதிகாலைத் தரையில் ஊன்றி முதுகால் அழுத்தினாள். உள்ளே இருமல் விடாமல் கேட்டது. அம்மா கதவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.