மாப்பிள்ளைக்குப் பக்கத்து சீட்டு

செல்லமுத்து வீட்டோடு மாப்பிள்ளை. இலுப்பூரில் கடலை மண்டி வைத்திருந்த ஆண்டியப்பனின் ஒரே மகள் சொர்ணவல்லியைக் கட்டிக்கொண்டு, பொன்னமராவதியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். அந்த வீட்டில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்குமுன் காப்பி, உட்காருமுன் விசிறி. வேலைதான் கிடையாது. மண்டியில் ஒரு மூட்டையைத் தொட்டால் போதும், "நீங்க எதுக்கு மாப்பிள்ளை?" என்று மாமனார் பதறிக்கொண்டு வந்துவிடுவார். இந்த மரியாதையை ஒரு மனிதன் எத்தனை நாள்தான் தாங்குவான்!

அறந்தாங்கியில் அவருக்குத் தெரிந்த பஸ் முதலாளி ஒருவர், லைசென்ஸோடு வந்தால் டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. சொர்ணவல்லி அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனால் மனசுக்குள் அதன் வாசலைப் பெருக்கிக் கோலமும் போட்டு முடித்திருந்தாள்.

"ஏங்க, இங்க நான் இன்னமும் எங்கப்பாவுக்கு மகதான். ஒங்களுக்கு எப்பத்தான் பொண்டாட்டியாகுறது?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. ஆண்டியப்பனிடம் ஒரு பழைய ஆஸ்டின் கார் இருந்தது. பஸ் வேலையைப் பற்றி மூச்சுவிடாமல், சும்மா ஆசைக்கு ஓட்டிப் பழகுவதாகச் செல்லமுத்து கேட்டார். மாப்பிள்ளையிடம் இல்லையென்று சொல்ல மாமனாருக்கு வாய் வருமா? "ஒங்களுக்கு இல்லாத காரா? ஆனா இன்சூரன்ஸ் எடுத்துட்டுத் தொடுங்க. கலிகாலம்" என்றார். பழகுகிற ஆளுக்கு, அதுவும் அடுத்தவர் காருக்கு, எவன் இன்சூரன்ஸ் கொடுக்கப் போகிறான் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. திருச்சியிலிருந்து ஆத்மநாதன் என்ற ஏஜெண்ட் வந்து இறங்கினார். யுத்த காலத்தில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர்களுக்கே ஆயுள் இன்சூரன்ஸ் விற்றவர். அவருக்குச் செல்லமுத்து எம்மாத்திரம்! ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: "லைசென்ஸ் உள்ள ஆள் ஒருத்தர் பக்கத்து சீட்டுல ஒக்காந்திருக்கணும். அது இல்லேன்னா இன்சூரன்ஸ் செல்லாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆண்டியப்பனின் வயசான கார் டிரைவர் ராக்கனும் ஆட்டினார். அந்த வீட்டில் எதற்கும் ஆட்டுகிற தலை அது.

மறுநாள் காலை டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சிவப்பு எல் போர்டுக்குச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். செல்லமுத்து ஏறி உட்கார்ந்தார். ராக்கன் கதவைப் பதவிசாகச் சாத்திவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெளியே ஃபுட்போர்டில் ஏறி நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"என்னங்கய்யா இது? மாப்பிள்ளைக்குச் சரிசமமா நான் ஒக்காருறதா?"

"நீங்க ஓட்டும்போது ஒக்காருறீங்களே?"

"அது வேலைங்க. சும்மா ஒக்காருறது வேறங்க."

லைசென்ஸ் உள்ள இன்னோர் ஆள் ஆண்டியப்பன்தான். மாமனாரும் மாப்பிள்ளையும் தோள் இடிக்க ஒரே வரிசையில் உட்காருவதா? அதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. கார் புறப்பட்டது.

ஸ்டியரிங் பிடிபட்டது, கியரும் ஒருவழியாகப் பிடிபட்டது. பிரேக் மட்டும் அவருக்குச் சமயத்தில் மறந்துபோகும். சந்தையன்று வண்டிக்காரர் சவரியப்பன் நடுரோட்டில் மாடுகளை அவிழ்த்துவிட்டு மொட்டை வண்டியை நிறுத்தியிருந்தார். உள்ளே உட்கார்ந்திருந்தால் ராக்கன் கைப்பிரேக்கை இழுத்திருக்கலாம். நின்ற இடத்திலிருந்து அதட்டியாவது இருக்கலாம். மாப்பிள்ளையை அதட்டலாமா? ஜன்னல் பக்கம் குனிந்து, "ஐயா, முன்னால ஒரு வண்டி நிக்கிற மாதிரித் தெரியுதுங்க" என்று விண்ணப்பித்துக்கொண்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மாட்டு வண்டியின் சக்கரம் நொறுங்கிவிட்டது.

ஆத்மநாதன் விசாரிக்க வந்தார். "நீ எங்கப்பா ஒக்காந்திருந்தே?"

ஊரே சுற்றி நின்றது. ராக்கன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒக்காரலைங்க. இந்த வீட்டு உப்பத் தின்னவன் நான். மாப்பிள்ளை பக்கத்துல ஒக்காருவேனுங்களா?"

ஏஜெண்ட் பையை மூடிக்கொண்டு திருச்சி பஸ்ஸைப் பிடித்தார். சவரியப்பனுக்கு ஆண்டியப்பன் புதுச் சக்கரம் செய்து கொடுத்தார். ஆனால் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ராக்கனுக்கு ஒரு ஜோடி வேட்டி எடுத்துக் கொடுத்தார். "இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம் மாப்பிள்ளை. ராக்கன் ஓட்டட்டும், நீங்க பின்னால சொகமா ஒக்காருங்க."

செல்லமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் இருக்கிறவரை தன் பக்கத்தில் ஒருவரும் உட்காரப்போவதில்லை என்று அவருக்கு விளங்கியது. அந்த வாரமே அறந்தாங்கிக்குப் போய்க் கிளீனராகச் சேர்ந்தார். அங்கே பஸ் டிரைவர் அவரை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "டேய், பிரேக்கை மிதிடா!" என்று பிடரியில் ஒன்று போட்டுக் கற்றுக்கொடுத்தார். அடி வாங்கியதை ஒரு மனிதன் இவ்வளவு பெருமையாகப் பெண்டாட்டியிடம் சொல்லி நான் கேட்டதில்லை. லைசென்ஸ் வந்தது. ஓட்டு வீட்டு வாசலில் சொர்ணவல்லி நிஜமாகவே கோலம் போட்டாள்.

ஒருநாள் புதுக்கோட்டையில் செல்லமுத்துவின் பஸ்ஸில் ராக்கன் ஏறினார். கையில் மகளுக்கென்று ஆண்டியப்பன் கொடுத்தனுப்பிய முறுக்குத் தூக்கு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

"ஒக்காருங்கண்ணே. இங்க நான் மாப்பிள்ளை இல்ல, டிரைவர்."

ராக்கன் டிக்கெட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார். "இந்தக் கம்பெனியே ஒங்களதுன்னு பெரியய்யா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காருங்க. மொதலாளி பக்கத்துல எப்பிடிங்க ஒக்காருறது?"

செல்லமுத்து பஸ்ஸை எடுத்தார். நிற்கிற கிழவர் தள்ளாடிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மெல்ல மிதித்தார். பின்னாலிருந்து ஜனங்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். பஸ் அறந்தாங்கி போய்ச் சேர்ந்தபோது ரொம்ப நேரமாகிவிட்டது.