கடைக்காரர் கொடுத்த மஞ்சள்

நான்காம் வகுப்பில் என்னோடு படித்த பையன்கள் எல்லாரும் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தார்கள். நான் மட்டும் மாவு தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். இது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த பெரிய கவலை.

மாவு என்றால் அம்மா வீட்டிலேயே செய்வது. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, எலுமிச்சைத் தோல், வேப்பிலை, கடைசியாகக் கஸ்தூரி மஞ்சள். தகரக் கூரைமேல் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, பழைய வேட்டியில் சலித்து டப்பாவில் அடைப்பாள். இன்றைக்கு இதையே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, இயற்கை என்று பேர் வைத்து, என் கைப்பேசியில் ஓயாமல் விளம்பரம் காட்டுகிறார்கள். அப்போது அது இயற்கை இல்லை, பொம்பளைங்க சமாச்சாரம்.

அம்மாவுக்கு எளாவூர் தாண்டி ஓர் எறா கம்பெனியில் வேலை. ஷிப்ட் முழுக்க ஐஸில் கிடக்கும் இறாலைத் தலை கிள்ளி ஓடு உரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கத்தான் போவாள். அதற்குள் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால், “தூரப் போடா, ஒடம்பெல்லாம் கவிச்சி” என்று முழங்கையால் தள்ளுவாள்.

காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் என் முறை. கழுத்து, காது மடல், அக்குள் என்று தோல் சிவக்கத் தேய்ப்பாள்.

“விடும்மா, எரியுது.”

“ஆடாம நில்றா. ஊட்டு வாட இன்னும் போவல.”

எங்கள் வீட்டுக்கு என்ன வாடை என்று எனக்குத் தெரியாது. அதிலேயே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

ஒருமுறை வழக்கமான கடை பூட்டியிருக்க, வேறு கடையில் மஞ்சள் வாங்கியிருக்கிறாள். கஸ்தூரி மஞ்சள் தோலில் ஒட்டாது. அந்தக் கடைக்காரர் கொடுத்தது பெண்கள் முகத்துக்குப் பூசும் மஞ்சள். அவசரத்தில் அதையே அரைத்துவிட்டாள். மறுநாள் காலை கரண்டும் இல்லை. இருட்டில் தேய்த்து, இருட்டில் தண்ணீர் ஊற்றி, வேன்காரர் ஹாரன் அடித்ததும் ஓடிவிட்டாள். வெள்ளைச் சட்டையோடு வெயிலில் இறங்கியபோதுதான் மஞ்சளேறிப்போன என் கைகளைப் பார்த்தேன்.

வகுப்பில் கால் வைத்ததும் பையன்கள் ஆரம்பித்தார்கள். “டேய், மாரியாத்தா வந்துக்கினு கீறா, எய்ந்து நில்லுங்கடா!”

“எப்போடா கூழு ஊத்தற?”

அம்மை இறங்கிய பிள்ளைக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத்தான் முதல் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மேல் இரண்டும் மணந்தன. மிஸ் இரண்டடி பின்வாங்கினார்.

“அம்மை போட்டிருந்துச்சா? தண்ணி ஊத்தின உடனே அனுப்பிட்டாங்களா?”

இல்லை என்றால் மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மையே பரவாயில்லை என்று தோன்றியது. என்னை வராந்தாவில் தனியாக உட்காரவைத்துவிட்டு, மிஸ் கம்பெனிக்குப் போன் செய்தார்.

அம்மா வேலையிலிருந்து குளிக்காமல் அப்படியே வந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் கழற்ற மறந்த வலைத்தொப்பி. கேட்டுக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

“உள்ள வாங்கம்மா.”

“இருக்கட்டும் மிஸ். இங்கயே நிக்கிறேன்.”

“அம்மை போட்ட பிள்ளையை இப்படி அனுப்பலாமா?”

“ஐயோ, அம்மை இல்ல மிஸ்! அது குளிக்கிற மாவு. கடையில மஞ்சள மாத்திக் குடுத்துட்டாங்க.”

தூரத்தில் நின்றதால் உரக்கச் சொன்னாள். ஜன்னலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

“குளிக்கிற மாவாம்டா! மீந்தா பூரி சுடுவீங்களா?”

மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்கம்மா” என்றார். “சரிங்க மிஸ்” என்று அம்மா தலையாட்டினாள்.

அழுதுகொண்டே கேட்டைத் தாண்டிப் போனேன். பையை வாங்கிக்கொள்வாள் என்று நீட்டினேன். வாங்கவில்லை. கையையும் பிடிக்கவில்லை. இறால் உரித்த இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

“நீ முன்னாடி நட. நான் பின்னாலயே வரேன்.”

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நான் நின்றதும் அவளும் நின்றாள். எதிரே என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா ஸ்கூட்டரில் வந்தார். அம்மா சட்டென்று சாலையின் மறுபக்கத்துக்குப் போய், எனக்கு யாரோ போல வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஞ்சள் பூசிய பிள்ளையோடு சேர்ந்து நடக்க அம்மாவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கே அசிங்கமாகத்தானே இருந்தது, அவள்மேல் கோபப்பட முடியவில்லை. பாவம், அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று இன்னும் வேகமாக நடந்து, அவளை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.