ராகு காலத்தில் பார்த்த வண்டி

தண்டலத்துக்கு முன்னால், பெங்களூர் சாலை ஓரமாகத் தகரக் கூரை போட்டுப் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். அவனைப் பழிவாங்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதில் ஒரு நாளுக்காகக்கூட நான் வருத்தப்படவில்லை.

எங்கள் நிலம் கார் கம்பெனிக்குப் போன பிறகு தெருவில் ஆளுக்கொரு வேன் வாங்கி ஷிப்டுக்கு ஆள் ஏற்றினார்கள். எனக்கு வேன் பிடிக்கவில்லை. ஒரகடம் ரோட்டில் நான் நடந்து போனால் ஆபீசர்களின் கார்கள் என் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போகும். அந்தக் கார்களைப் பின்னால் தள்ளிவிட்டுப் போகிற வண்டிதான் எனக்கு வேண்டும். கம்பெனி லைனில் வேலை பார்த்த என் மகன்தான் சொன்னான்.

"அதுக்கு டர்போ வண்டி வாங்கணும்மா. வெளிய போற புகையே உள்ள ஒரு சின்ன காத்தாடிய சுத்தும். அது என்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளும். மிதிச்சா பிச்சிக்கினு போவும்."

புதியது வாங்க எங்களால் ஆகாது. பழையதுதான் பார்த்தோம். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். ரெண்டு நாள் முன்னாலேயே போன் போட்டு, "புதன்கிழமை ஒம்போதே காலுக்கு நல்ல நேரம், அப்ப வரோம்பா" என்று அந்தத் தண்டலம் வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் காலண்டரைப் பார்க்காமல் யாரும் வண்டி வாங்கப் போக மாட்டார்கள். "வாங்கம்மா, ரெடியா வெச்சிருக்கேன்" என்றான். எதை ரெடி பண்ணினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் போனபோது என்ஜின் ஓடியபடியே வண்டி நின்றது. நல்ல சிவப்பு. வெளிநாட்டு ஆபீசர் ஓட்டியது, அவர் ஊருக்குத் திரும்புவதால் விற்கிறார் என்றான். மகன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அவன் நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் மகன் சாவியைத் திருப்பினான். பின்னால் நீல நிறத்தில் புகை கிளம்பித் தெருவையே மூடியது. எதிர் வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, கொசு மருந்து வண்டியா வாங்கிக்கினு வந்த?"

தெரு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிட்டது. ஆனால் தினமும் காலையில் அதே கூத்து. பத்து நாளில் இழுவையும் போய், மிதித்தால் விசில் சத்தம் மட்டும் வந்தது.

மண்ணூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஆயில் வடிந்தது. காத்தாடியை ரெண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"இது இப்படி ஆடவே கூடாதும்மா. உள்ள தேஞ்சி போச்சி, ஆயில் எறங்குது. அதான் புகை."

"வாங்கற அன்னிக்கி ஏம்பா புகையல?"

"வண்டி ஜில்லுனு கெடந்து, மொதல்ல ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். நீங்க வர டைம சொல்லிட்டீங்க, அவன் முன்னாடியே ஓட்டி சூடு பண்ணிட்டான். புகை தெரியாம இருக்க கெட்டி ஆயில் வேற ஊத்திக்கீறான். இந்த ரப்பர் ஓஸ பாருங்க, வெடிச்சத கோந்து போட்டு ஒட்டி கறுப்பு அடிச்சிக்கீறான். கிளட்ச்சும் வழுக்குது. வேகமா ஓட்ன வண்டில இதெல்லாம்தான் மொதல்ல போவும்."

நேராகத் தண்டலம் போனேன். அவன் நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"தோ பாரு ஆயா, பாத்து திருப்தியாதான் வாங்கிக்கினேன்னு நீ கையெழுத்து போட்ட பேப்பர் கீது. உனுக்கு படிக்கத் தெரிலன்னா நான் இன்னா பண்ணுவேன்? இந்த வயசுல உனுக்கு எதுக்கு டர்போ? மாட்டு வண்டி வாங்கிக்கோ."

நாலு பேரும் சிரித்தார்கள். தெரிந்தேதான் ஏமாற்றினேன் என்று என் தெருவில் நின்று இவன் வாயாலேயே சொல்ல வேண்டும், அதுவரை விடுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நல்ல நேரம் எப்போதோ, அப்போதெல்லாம் நான் அவன் கேட்டுக்கு வெளியே நின்றேன். ரோடு அவன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. முதலில் அகப்பட்டது மறைமலை நகரிலிருந்து மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்த புருஷனும் பெண்டாட்டியும்.

"மாலைய அப்பால வெச்சிட்டு, உள்ள நிக்கற வண்டி பானெட் மேல கைய வெய்யிப்பா" என்றேன்.

வைத்தவன் வெடுக்கென்று கையை எடுத்தான்.

"சுடுதா? நீ வரதுக்குள்ள யாரு ஓட்னது? திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு வந்து பாரு."

அந்தப் பெண் பதறினாள். "ஐயோ, அது ராகு காலமாச்சேம்மா! அப்ப போயி வண்டி வாங்குவாங்களா?"

"வாங்காதடி. புகைய பாக்க வா."

வந்தார்கள். ராகு காலத்தில் எவனும் வர மாட்டான் என்று அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஷெட்டுக்குப் பின்னாலேயே குடியிருப்பு. வாயில் நுரையோடு ஓடி வந்து, "ஒம்போது மணிக்கு மேல வாங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தான். அந்தப் புருஷன் சாவியை வாங்கித் திருப்பினான். நீலப் புகை கிளம்பி ஷெட்டையே மூடியது. நான் ரோட்டில் நின்று பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

பேச்சு பரவியது. ரூம் எடுத்துத் தங்கியிருந்த கம்பெனிப் பையன்கள்கூட ராகு காலத்தில் வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் வாங்கினார்கள். நாலாவது மாதம் அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"பெரிம்மா, வுட்ருங்க. புள்ளகுட்டிக்காரன். வண்டிய நானே சரி பண்ணித் தரேன்."

"அத அப்பால பேசலாம். மொதல்ல இன்னா பண்ணேன்னு சொல்லு."

எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"புகை வரும்னு தெரியும். சூடு பண்ணி வெச்சிதான் வித்தேன்."

"காதுல வுயலியே!" என்றாள் எதிர் வீட்டுக்காரி. மறுபடியும் சொன்னான். அவள் நல்லவள்.

மண்ணூரில் புது டர்போ, கிளட்ச், ஓஸ் எல்லாம் அவன் செலவில் மாட்டினார்கள். முடியும்வரை அவனை அங்கேயே உட்கார வைத்தேன். சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் ஒன்று சொன்னார். "வேகமா ஓட்டிக்கினு வந்து ஒடனே ஆஃப் பண்ணாதீங்கம்மா. ரெண்டு நிமிசம் சும்மா ஓட வுடுங்க. டர்போ ஆறணும்."

அடுத்து வந்த நல்ல நேரத்தில் அந்த வண்டியிலேயே தண்டலம் போனேன். அவன் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். உள்ளே ஒரு குடும்பம் வண்டி பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு நிமிசம் ஆச்சும்மா, ஆஃப் பண்ணவா?" என்றான் மகன்.

"நல்லா ஆறட்டும்டா" என்று சொல்லிவிட்டு, அந்தக் குடும்பத்தைப் பானெட் மேல் கை வைக்கச் சொல்ல நான் இறங்கினேன்.